வ்லி அருவி: கானாவின் கிழக்கு எல்லையில் ஐந்து நாள்

கிளம்பும் முன்

கானாவின் கிழக்கு ஓரத்தில், டோகோ நாட்டு எல்லையை ஒட்டி நிற்கும் மலைச்சுவரிலிருந்து விழுகிறது அகுமாட்சா. ‘என்னை ஓடவிடு’ என்று அந்த எவே மொழிப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். அடிவாரத்து ஊர் வ்லி. அதனால் ஊருலகத்துக்கு இது வ்லி அருவி. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அருவிகள். வருகிறவர்களில் பெரும்பாலோர் கீழருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

தலைநகர் அக்ராவிலிருந்து விடிகாலையில் கிளம்பி, நண்பகலில் அருவிக்குப் போய், அரை மணி நேரம் படம் எடுத்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்புவது பலருடைய திட்டம். இதில் ஏறக்குறைய பத்து மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். அருவி அழகாக இருக்கும் நேரமும் கைநழுவிப் போகும். பாறைமுகம் மேற்கு பார்த்தது. காலையில் அது நிழலில் கிடக்கும், பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் வெயில் நேராக விழும். பொழுது சாயும்போது பாறையிலிருந்து வௌவால்கள் கிளம்பும். இந்த இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் வ்லியில் குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும். இந்த ஐந்து நாள் திட்டமே அதை நடுவில் வைத்துப் போட்டதுதான்.

எந்த மாதம் போவது? இந்தப் பக்கம் மழை இரண்டு தவணையாக வரும்: ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒன்று, செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. ஜூனிலிருந்து அக்டோபர் வரை நீர் நிறைந்து விழும். ஆனால் மேலருவிப் பாதை வழுக்கும், கனமழை நாட்களில் வழிகாட்டிகளே கூட்டிப்போக மறுப்பார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சஹாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று புழுதியைக் கொண்டுவரும். வானம் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும், மலைமேல் நின்றாலும் எதிரே ஒன்றும் தெரியாது. மார்ச்சில் நீர் மெலிந்துவிடும். எங்களைக் கேட்டால் அக்டோபர் கடைசி வாரமும் நவம்பரும்தான். மழை ஓய்ந்திருக்கும், நீர் குறைந்திருக்காது, பாதையும் காயத் தொடங்கியிருக்கும். ஈஸ்டர், மார்ச் 6 சுதந்திர நாள், டிசம்பர் 26 ஆகிய நாட்களைத் தவிருங்கள். பேருந்து பேருந்தாகக் கூட்டம் வந்து இறங்கும். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அருவியின் ஓசை கேட்காது.

இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் கானா விசா தேவை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஊசி போட்டுப் 10 நாள் கழிந்தால்தான் சான்று செல்லும், ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்த மஞ்சள் அட்டையை ஊர் திரும்பும்வரை பத்திரமாக வைத்திருங்கள். கானாவிலிருந்து சான்றில்லாமல் இந்தியா வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்த முடியும். மலேரியாத் தடுப்பு மாத்திரை எது, எத்தனை நாள் முன்பே தொடங்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கு மருந்து கணக்கு மாறும்.

முதல் நாள்: அக்ராவிலிருந்து வ்லிக்கு

அக்ராவிலிருந்து, வ்லிக்கு அருகிலுள்ள நகரமான ஹோஹோய் சுமார் 220 கி.மீ. தூரம். ட்ரோட்ரோ எனும் சிற்றுந்தில் நாலு முதல் ஐந்து மணி நேரம். அக்ராவின் மதீனா நிறுத்தத்திலிருந்து ஹோஹோய் வண்டிகள் கிளம்புகின்றன. இவற்றுக்கு நேர அட்டவணை கிடையாது, நிரம்பினால்தான் நகரும். காலை ஆறு மணிக்குப் போனால் முக்கால் மணி நேரத்தில் நிரம்பிவிடும். பத்து மணிக்குப் போனால் இரண்டு மணி நேரம்கூட உட்கார்ந்திருக்க நேரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே தேவாலயத்தில் இருக்கும் என்பதால் வண்டியும் குறைவு. நடத்துநரை ‘மேட்’ என்கிறார்கள். பெரிய பைக்குத் தனிக் கட்டணம் கேட்பார், ஏற்றும் முன்பே பேசி முடியுங்கள். நடுவரிசையின் ஓரத்தில் மடக்கு இருக்கை இருக்கும். அங்கே உட்கார்ந்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து வழிவிட வேண்டியதுதான். ஓட்டுநருக்குப் பின்வரிசையில் சன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்.

சாலை டெமா பக்கம் போய் அஃபியென்யாவைத் தாண்டியதும் ஷாய் மலைகள் வரும். காப்புக்காட்டு ஓரத்தில் பபூன் குரங்குகள் சாலையிலேயே உட்கார்ந்திருக்கும். க்போங் கடந்து அட்டிம்போக்கு வந்தால் வோல்டா ஆறும், அதன்மேல் 1957-ல் திறந்த அடோமி வளைவுப் பாலமும். கொஞ்சம் மேலே அக்கோசொம்போ அணை. 1965-ல் அணை முடிந்தபோது தேங்கிய வோல்டா ஏரி, பரப்பளவில் உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரிகளில் ஒன்று. சுமார் 80,000 பேர் அதற்காக ஊரை விட்டுப் பெயர்ந்தார்கள்.

அட்டிம்போக்குவில் வண்டி வேகம் குறைந்ததுமே தலையில் தட்டோடு பெண்கள் ஓடிவந்து சன்னலில் நீட்டுவது அபோலோ. புளித்த மக்காச்சோள மாவை இலையில் வைத்து ஆவியில் அவித்தது. லேசான இனிப்பும் அடியில் மெல்லிய புளிப்புமாக இருக்கும்; இட்லி தின்று வளர்ந்த நாக்குக்கு முதல் கடியிலேயே பழகிவிடும். கூடவே சுண்டுவிரல் நகம் அளவு மீன்களை மொறுமொறுவென வறுத்து வைத்திருப்பார்கள். அதற்கு ‘ஒன் மேன் தௌசண்ட்’ என்று பெயர்: ஒரே ஆள் ஆயிரம் தின்னலாம் என்ற கணக்கு. சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்பது ஒன்றிரண்டு நிமிடம்தான். இடது கையால் காசு நீட்டக் கூடாது, இங்கே அது அவமரியாதை.

பாலத்தைக் கடந்து ஜுவாபோங், அசிகுமா சந்திப்பு, க்பேவே, கோலோக்வாட்டி என்று வடக்கே ஏறினால் ஹோஹோய். வங்கி, ஏ.டி.எம்., மருந்துக்கடை, பெரிய சந்தை எல்லாம் இங்கேதான். வ்லிக்கு வேண்டிய மொத்தப் பணத்தையும் இங்கேயே எடுத்துவிடுங்கள். கைபேசிப் பணம் நாடு முழுக்க ஓடுகிறது, ‘மோமோ’ என்பார்கள். உள்ளூர் சிம் வாங்கக் கடவுச்சீட்டு காட்ட வேண்டும்.

ஹோஹோயிலிருந்து வ்லிக்குச் சுமார் 20 கி.மீ., பங்கு டாக்ஸியில் அரை மணி முதல் முக்கால் மணி. மாலை நாலு மணிக்கு மேல் ஆள் சேர்வது கடினம். அப்போது முழு டாக்ஸிக்கும் நீங்களே காசு கொடுக்க வேண்டிவரும். சாலையின் கடைசி வளைவுகளில், வயல்களுக்கு மேலே பச்சைச் சுவரில் வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். தொலைவில் பார்க்கும்போது மேலருவியும் கீழருவியும் ஒரே பார்வையில் கிடைக்கும் இடம் அதுதான். அடிவாரத்துக்குப் போனபின் மேலருவி கண்ணுக்கு மறைந்துவிடும்.

விடுதிகள் எளிமையானவை. கொசுவலை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அறைக்குச் சரி சொல்லுங்கள். மின்வெட்டுக்கு இங்கே ‘தும்சோர்’ என்று பெயர். ‘அணை, ஏற்று’ என்பதுதான் அதன் பொருள். டார்ச்சும் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்கும் கட்டாயம். இன்னொன்று: எல்லை மிக அருகில் என்பதால் கைபேசி தானாக டோகோ அலைவரிசைக்குத் தாவி ரோமிங் கட்டணம் ஏறலாம். அமைப்புகளில் தானியங்கித் தேர்வை நிறுத்தி, உள்ளூர் நிறுவனத்தைக் கையாலேயே தேர்ந்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: கீழருவி

காலையில் அவசரப்பட ஒன்றுமில்லை. ஊரைச் சுற்றிப் பாருங்கள். பெரியவர் எவராவது ‘வோயேஸோ’ என்று வரவேற்றால் ‘யோ’ என்று பதில் சொல்வது முறை. நன்றிக்கு ‘அக்பே’. இந்த ‘க்ப’வில் க், ப் இரண்டையும் ஒரே வெடிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் வந்துவிடும்.

மதியம் ஒரு மணி அளவில் ஊர்க்கோடியில் உள்ள சுற்றுலா அலுவலகத்துக்குப் போங்கள். பதிவேட்டில் பெயர் எழுதி, சீட்டு வாங்க வேண்டும். கீழருவிக்கு ஒரு கட்டணம், மேலருவிக்கு வேறு. வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரரைவிடக் கூடுதல். ரசீதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். வழியில் வேறு யாராவது தனியாகக் காசு கேட்டால் அதைக் காட்டினால் போதும். மாலை வரை இருந்து வௌவால் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதை அலுவலகத்திலேயே சொல்லி, அதற்கு இசையும் வழிகாட்டியை அமர்த்துங்கள். சாதாரணமாக அவர்கள் இருட்டுமுன் ஆட்களைத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவார்கள். நேரம் கூடினால் அன்பளிப்பும் கூட வேண்டும், அது நியாயம்.

நடை முக்கால் மணி நேரம். கிட்டத்தட்டச் சமதளம், செருப்பு அறுந்துபோகாத எவரும் நடக்கலாம், பிள்ளைகளும் நடக்கும். பாதை அதே ஓடையைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது; ஒன்பது பத்துச் சிறு பாலங்கள். முதல் பாதி காடு இல்லை, தோட்டம்: மரவள்ளி, எண்ணெய்ப்பனை, வாழை, அன்னாசி, கொக்கோ. அகுமாட்சா வனவிலங்குக் காப்பகம் என்று பெயர் இருந்தாலும், பாதையோர மரங்களுக்கு ஊரில் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஒரு காயைக்கூடக் கேட்காமல் பறிக்காதீர்கள்.

கொக்கோ மரத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைப்பது நல்ல வாய்ப்பு. காய் கிளை நுனியில் தொங்காது, பலா மாதிரி அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும். பழுத்தால் மஞ்சள் ஏறும். தோட்டக்காரர் கத்தியின் பின்புறத்தால் தட்டி உடைத்துக் கொடுத்தால், உள்ளே சீத்தாப்பழச் சுளை போல வெள்ளைச் சதை மூடிய விதைகள் வரிசையாக இருக்கும். சதையைச் சப்பலாம், இனிப்பும் புளிப்புமாக இருக்கும். விதையைக் கடிக்காதீர்கள், கடுங்கசப்பு. சாக்லேட் வாசனை அதில் துளியும் இருக்காது. சதையோடு விதைகளை வாழையிலையில் மூடி ஏறக்குறைய ஆறு நாள் புளிக்கவைத்து, பாயில் பரப்பி ஒரு வாரம் வெயிலில் காயவைத்தால்தான் அந்த மணம் உருவாகத் தொடங்கும். ஊர் வாசல்களில் பாயில் பரப்பி ஊரார் துழாவிக்கொண்டிருக்கும் பழுப்புக் கொட்டைகள் இவைதான்.

நாலைந்து பாலம் தாண்டியதும் மரங்கள் உயரும், காற்று குளிரும். மழைக்காலத்தில் படையெறும்புச் சாரை பாதையைக் குறுக்கே கடக்கும். கறுப்புக் கயிறு மாதிரி தரையில் எது தெரிந்தாலும் ஒரே தாண்டாகத் தாண்டுங்கள். நின்று படம் எடுத்தால் கால்சட்டைக்குள் ஏறிக் கடிக்கும். அருவியின் இரைச்சல் காட்டுக்குள்ளேயே கேட்கும். கடைசி வளைவில் மரங்கள் சட்டென்று விலக, குதிரை லாடம் போல் வளைந்த பாறைச்சுவர் முன்னே நிற்கும்.

உயரம் எவ்வளவு என்று கேட்பார்கள். பயண நூல்களில் 80 மீட்டர் என்றும் உண்டு, 140 மீட்டருக்கு மேல் என்றும் உண்டு. எந்த அருவியை, எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்று சொல்லாத எண்கள் இவை. ‘மேற்கு ஆப்பிரிக்காவிலேயே உயரமானது’ என்ற பட்டத்தை கானாவில் எல்லாரும் வ்லிக்கே கொடுக்கிறார்கள். நைஜீரியாவில் கேட்டால் ஓவு அருவியையோ ஃபரின் ருவாவையோ சொல்வார்கள். அந்தப் பட்டத்தை நம்பி வரத் தேவையில்லை. கீழே நின்று பார்த்தால் பட்டம் நினைவுக்கே வராது.

இனி குளிப்பது. அருவி விழும் தேக்கம் மணல் தரையாக, அகலமாக, ஆழமில்லாமல் இருக்கிறது. பெரும்பகுதியில் இடுப்பளவு நீர், மழைக்காலத்தில் அதற்கு மேல். தாரைக்கு அடியில் போக நேராக நடந்தால் முடியாது. 60 மீட்டரிலிருந்து தடையின்றி விழும் பொருள் மணிக்கு 120 கி.மீ. வேகத்தைத் தொடும். நீர் அப்படி விழுவதில்லை. வழியிலேயே சிதறித் தூளாகி, தன் வேகத்தைச் சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்தக் காற்று கீழே வந்து மோதி, சாரலையும் சேர்த்துக்கொண்டு வெளியே பாய்கிறது. அருவியிலிருந்து நாற்பது ஐம்பது அடி தள்ளி நிற்கும்போதே முகத்தில் ஊசி குத்துவதுபோல் அடிக்கும், கண் திறக்க வராது, மூச்சு முட்டும். வழிகாட்டிகள் சொல்லித்தரும் முறை எளிது: முதுகை அருவிக்குக் காட்டி, கால் அகட்டி, பின்புறமாகவே ஒவ்வோர் அடியாகப் போங்கள். கரையைப் பார்த்துக்கொண்டே போவதால் திசையும் தவறாது. பாறைச்சுவரை நெருங்கினால் காற்று தணியும், அங்கே நின்று திரும்பலாம்.

போகக் கூடாத நேரமும் உண்டு. மலைமேல் மழை பெய்தால் அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நீர் பெருகும். நீரின் நிறம் பழுப்பாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் கூடுதலாக வரத் தொடங்கினாலோ உடனே கரையேறுங்கள். கிளையும் கல்லும் மேலிருந்து சேர்ந்து விழும். தாரையின் நட்டநடுவில் எந்தக் காலத்திலும் நிற்காதீர்கள். கரைப் பாறைகளில் பாசி உண்டு. வார்வைத்த ரப்பர் செருப்பு இருந்தால் அதோடே இறங்குங்கள். கைபேசியைச் சாதாரண பாலித்தீன் பையில் வைத்தால் சாரல் புகுந்துவிடும், வாயை மூன்று மடிப்பாகச் சுருட்டி மூடும் நீர்புகாப் பைதான் சரி. குளிரூட்டிய அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்த கேமரா லென்ஸ் இருபது நிமிடம் பனித்துக் கிடக்கும், துடைக்கத் துடைக்கப் பனிக்கும். பையிலேயே கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். டிரோனுக்கு கானா விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் இங்கே பறக்கவிட வேண்டாம், காரணம் அடுத்து வருவது.

மூன்று மணிக்கு மேல் வெயில் முகம் திரும்பியதும் சாரலில் வானவில் நிற்கும். வெயில் உங்கள் முதுகில் இருக்கும்படி நின்றால் தெரியும். பொழுது இறங்க இறங்க வில் மேலே ஏறும். இந்நேரத்துக்குள் பகல் கூட்டம் வெளியேறியிருக்கும். அருவிக்கு இரு பக்கமும் பாறையில் கரும்பூஞ்சை அப்பியது போல் தெரிவதைத் தொலைநோக்கியில் பாருங்கள். அத்தனையும் வௌவால்கள்.

இது வைக்கோல் நிறப் பழந்தின்னி வௌவால். இறக்கை விரிப்பு முக்கால் மீட்டர், எடை சுமார் 300 கிராம். கழுத்தைச் சுற்றிப் பொன்மஞ்சள் மயிர். அக்ராவில் ‘37’ என்ற பெயர் கொண்ட ராணுவ மருத்துவமனையின் மரங்களில் பகலெல்லாம் தொங்குவதும் இதே இனம்தான். எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் மாறும், கூட்டம் வலசை போகும். கானாவில் ஆண்டு முழுதும் பொழுது சாய்வது ஆறு மணியை ஒட்டித்தான். முதலில் பாறையில் கீச்சுச் சத்தம் கூடும், பத்து இருபதாகப் பிரிந்து சுற்றும், பிறகு ஒரேயடியாகக் கிளம்பி மேற்கே தோட்டங்களை நோக்கிப் போகும். அருவி இரைச்சலுக்கு மேலாக இறக்கைச் சத்தம் கேட்கும். ஒடும் என்ற விலையுயர்ந்த காட்டு மரத்தின் விதைகளைப் பரப்புவதில் இந்த வௌவாலுக்குத்தான் பெரும்பங்கு. பழத்தைத் தின்று பல கி.மீ. தள்ளி எச்சமிடுவதால் வெட்டி அழித்த நிலத்திலும் கன்று முளைக்கிறது. அப்படியும் இது இறைச்சிக்காக வேட்டையாடப்படுகிறது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, தெற்கு கானாவில் ஆண்டுக்குக் குறைந்தது 1,28,000 வௌவால்கள் விற்கப்படுவதாகக் கணக்கிட்டது. ஊரில் யாராவது விற்றால் வாங்காதீர்கள். தரையில் விழுந்து கிடப்பதைத் தொடவும் வேண்டாம், நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

திரும்பும் வழி முழுதும் இருட்டு. நெற்றியில் கட்டும் டார்ச் இருந்தால் இரண்டு கையும் பாலக் கைப்பிடிக்கு மிஞ்சும்.

மூன்றாம் நாள்: மேலருவி

இது வேறு கணக்கு. கீழருவியின் நடையை வைத்து இதை எடைபோட்டவர்கள்தான் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏற இரண்டு மணி நேரம், இறங்கவும் ஏறக்குறைய அதே. வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். பதினொரு மணி வெயிலில் ஏறுவது தண்டனை. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஊர்க்கடையில் ‘பியூர் வாட்டர்’ என்று அரை லிட்டர் பொட்டலங்கள் கிடைக்கும், நாலு வாங்கினால் கணக்குச் சரி. மூலையைப் பல்லால் கிள்ளிக் குடிப்பது வழக்கம். காலிப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பாதை பிரிந்த கையோடு செங்குத்தாகிறது. படிக்கட்டு என்று ஒன்றில்லை: வேரைப் பிடித்து, கல்லில் மிதித்து ஏற வேண்டும். மண் களி. மழைக்கு மறுநாள் அது சோப்பு மாதிரி. ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் கால் வாரும். வழிகாட்டி வெட்டிக் கொடுக்கும் தடியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இறக்கத்தில் முழங்காலின் பாரத்தில் பாதியை அதுதான் வாங்கிக்கொள்ளும். காலணியின் அடிப்பள்ளம் ஆழமாக இருக்க வேண்டும், வழவழத்த ஓட்டப்பயிற்சிக் காலணி உதவாது. நகத்தை முந்தின இரவே வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் பெருவிரல் முன்னால் இடித்து நகம் கறுத்துவிடும்.

ஒரு மணி நேரம் ஏறியதும் ஒரு வெளி வரும். அங்கிருந்து கீழருவி முழுதாகத் தெரியும், வௌவால் கூட்டம் கண் மட்டத்தில் இருக்கும், பின்னால் ஹோஹோய்ச் சமவெளி விரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் இங்கேயே நின்றுவிட்டால் நட்டமில்லை.

மேலருவி குறுகலானது, ஒதுங்கி நிற்பது. தேக்கமும் சிறிது, நீர் இன்னும் குளிர். இங்கே கூட்டம் என்பதே இல்லை. பாறையைத் தொட்டுப் பாருங்கள்: சர்க்கரைக் கட்டி உடைந்தது போல் மணி மணியாக மின்னும். குவார்ட்சைட். மணற்கல் நிலத்தடியில் வெந்து இறுகியது. அக்ரா பக்கம் தொடங்கி வடகிழக்கே டோகோவுக்குள் போய், பெனினில் அட்டகோரா மலையாகத் தொடரும் நீண்ட தொடரின் ஒரு துண்டு இது. சுமார் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகள் மோதி மடிந்து எழுந்தது. குவார்ட்சைட் எளிதில் தேயாது, அதனோடு அடுக்கான பலகைப்பாறை தேயும். இந்தத் தொடரின் ஓரங்கள் சுவராக நிற்பதற்கும் ஓடைகள் அருவியாவதற்கும் அதுதான் காரணம்.

மலைமுகட்டுக்கு அப்பால் டோகோ. இரு பக்கமும் பேசுவது எவேதான். 1914 வரை இரு பக்கமும் ஜெர்மானிய டோகோலாந்து. முதல் உலகப் போரின் முதல் மாதத்திலேயே ஜெர்மானியர் சரணடைய, பிரிட்டனும் பிரான்சும் பங்கிட்டுக்கொண்டன. 1956 மே 9 அன்று பிரிட்டிஷ் பகுதியில் ஐ.நா. பொதுவாக்கெடுப்பு நடந்தது. மொத்தத்தில் பெரும்பான்மை, பக்கத்துப் பிரிட்டிஷ் காலனியான கோல்டு கோஸ்டோடு சேர வாக்களித்தது, எவே மக்கள் நிறைந்த தெற்கு மாவட்டங்களில் பெரும்பாலோர் அதற்கு எதிராக வாக்களித்தார்கள். 1957 மார்ச் 6-ல் எல்லாம் சேர்ந்து கானா ஆயின. இன்றும் இரு பக்க ஊர்களுக்கும் உறவு, கல்யாணம், சந்தை உண்டு. உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை: டோகோ விசாவும், திரும்பி வரக் கானாவின் பலமுறை நுழைவு விசாவும் இல்லாமல் எல்லையைத் தாண்டாதீர்கள். மலைமேல் உள்ள ஊர் வ்லி தோஜி. எவேயில் ‘தோ’ மலை, ‘ஜி’ மேல். பெயரிலேயே முகவரி இருக்கிறது.

சைவச் சாப்பாடு தேடுவோருக்கு இரவுக்கு ஒரு குறிப்பு. ‘ரெட் ரெட்’ கேளுங்கள்: பனையெண்ணெயில் வெந்த காராமணிக் குழம்பும் பொரித்த பழுத்த நேந்திரமும். சமைக்கும் முன்பே ‘மீன் தூள் வேண்டாம்’ என்று சொல்லிவிட வேண்டும். ஷிட்டோ என்ற கறுப்பு மிளகாய்த் தொக்கு சைவமாகத் தெரியும், ஆனால் அதில் கருவாடும் இறால் தூளும் உண்டு. கீரைக் குழம்பான கொந்தொமிரேவிலும் மீன் சேர்ப்பது வழக்கம்.

நான்காம் நாள்: அஃபாஜாட்டோவும் டாக்போவும்

கால் வலி இருக்கும். இருந்தாலும் அஃபாஜாட்டோ சிகரத்தின் அடிவாரத்து ஊரான லியாட்டி வோட்டே போய்வரலாம். வ்லியிலிருந்து நேர்வண்டியை நம்ப முடியாது, ஒகாடா என்ற இருசக்கர வாடகை வண்டியோ டாக்ஸியோ பேசிக்கொள்ளுங்கள். ஒகாடாவில் தலைக்கவசம் கேளுங்கள், இல்லையென்றால் டாக்ஸிதான். அஃபாஜாட்டோ சிகரம் 885 மீட்டர். தூரம் குறைவு, சரிவு கடுமை, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேர ஏற்றம். நேற்று மேலருவி ஏறியவர்கள் இன்று சிகரத்தை விட்டுவிட்டு டாக்போ அருவிக்கு மட்டும் போகலாம். கொக்கோ நிழலில் முக்கால் மணி நேர நடை, கடைசிப் பகுதி மட்டும் கல். வ்லியின் பிரம்மாண்டம் இதில் இல்லை. பாசி படர்ந்த பாறையில் மெல்லிய திரையாக நீர் இறங்கும், தனிமை கிடைக்கும்.

ஐந்தாம் நாள்: திரும்பும் வழி

காலை ஆறரைக்குள் வ்லியிலிருந்து வண்டி ஏறினால் ஏழேகாலுக்கு ஹோஹோய். நேரம் இருப்பவர்கள் லோக்பா அலக்பெட்டி சந்திப்பில் இறங்கி டாஃபி அட்டோமே போகலாம். ஊரார் புனிதமாகக் காத்துவரும் மோனா குரங்குகள் காட்டோரத்தில் உள்ளன. வாழைப்பழம் நீட்டிக் குரங்கைத் தோளில் ஏற்றிப் படம் எடுப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. அதைத் தவிருங்கள், கடி, கீறல் இரண்டும் நடக்கும், வெறிநாய்க்கடி ஊசி அக்கம்பக்கத்தில் உடனே கிடைக்கும் என்று நம்ப முடியாது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாலே அவை கிளைக்குக் கிளை தாவுவது நன்றாகத் தெரியும்.

நேராக அக்ரா போகிறவர்கள் பத்து மணிக்கு முன் ஹோஹோயை விட்டுக் கிளம்புங்கள். மாலை நாலு மணிக்கு மேல் மதீனாவில் நுழையும் வண்டி கடைசிப் பத்து கி.மீ.க்கு ஒன்றரை மணி நேரம்கூட எடுக்கும். ஞாயிறு மாலை இன்னும் மோசம். ஈரக் காலணியைத் தாள் திணித்துத் தனிப் பையில் கட்டி, வண்டியின் கூரையில் போடாமல் காலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அட்டிம்போக்குவில் மறுபடி தட்டுகள் சன்னலுக்கு வரும். இந்த முறை அபோலோவை நாலாக வாங்குங்கள், அக்ரா சேரும்வரை கெடாது.